அந்தச் செடியைப் பிடுங்காதீர்கள்: கடுங்கார மிளகாயை விதையிலிருந்து வளர்ப்பது

கேள்வி: தாம்பரத்தில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். கரோலினா ரீப்பர், பூத் ஜொலோக்கியா இரண்டின் விதைகளையும் வாங்கினேன். முதல் முறை விதைத்து 12 நாள் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, மண்ணைக் கொட்டிவிட்டேன். இரண்டாம் முறை ஜனவரியில் விதைத்ததில் ஒரே ஒரு பூத் ஜொலோக்கியா பிழைத்து நன்றாக வளர்ந்தது. மே மாதம் பூத்துப் பூத்து உதிர்ந்தது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. இப்போது ஜூன். ரீப்பர் விதை ஆறு மீதி இருக்கிறது. நம் ஊரில் இவை காய்க்குமா, இல்லை செடியைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கட்டுமா?

பதில்:

பிடுங்காதீர்கள். உங்கள் செடி காய்க்கும். மீதி இருக்கும் ஆறு விதையிலும் நாற்று எடுக்கலாம். நீங்கள் செய்த வேலையில் பெரிய பிழை ஏதும் இல்லை. முதல் முறை நாள் போதவில்லை, இரண்டாம் முறை மாதம் பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

எட்டு வருடமாக என் மாடியில் இந்த மிளகாய்களை வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடம் எனக்கும் இதே கதைதான். ஜனவரியில் விதைத்தேன், சித்திரை வெயிலில் பூவெல்லாம் கொட்டியது. ஏன் என்று புரிந்த பிறகு ஒரு வருடம்கூட வெறுங்கையோடு நின்றதில்லை. அந்தக் காரணத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

இந்த மிளகாய்களை வளர்ப்பது பற்றி நமக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பகை குளிர். இலையுதிர் காலத்து உறைபனி செடியைக் கொல்வதற்குள் பழம் பறித்தாக வேண்டும். அதனால் ஜனவரியிலேயே வீட்டுக்குள் விதைத்து, தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு போட்டு, விளக்கு வெளிச்சத்தில் நாற்று வளர்த்து, மே மாதம் பனி நின்றதும் வெளியே எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது மிகச் சரி. லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் அந்த நாட்காட்டியையே பின்பற்ற வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களும் அதை ஒட்டிப் போகலாம்.

சமவெளியில் இருக்கும் நமக்குப் பகை வெயில். அதைவிடப் பெரிய பகை, வெயில் போன பிறகும் ஆறாத இரவு. சென்னையில் மே மாதம் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே வராவிட்டால் மிளகாய்ப் பூவின் மகரந்தம் வலுவிழந்துபோகும். பூ திறக்கும், கரு பிடிக்காது. இரண்டு மூன்று நாளில் காம்பின் கணு மஞ்சளாகி, பூ காம்போடு உதிரும். சாதாரணச் சம்பா மிளகாய் இதை ஓரளவு தாங்கும். கடுங்கார மிளகாய் தாங்காது. டிசம்பர், ஜனவரியில் நம் இரவு 20, 21 டிகிரிக்கு வரும்போது அதே செடியில் அதே பூ நிற்கும். ஆகவே நாம் கணக்குப் போட வேண்டியது பின்னாலிருந்து: பூக்கும் காலம் மார்கழி, தையில் விழ வேண்டும் என்றால் விதை எப்போது? ஆடியில். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லி வைத்தவர்கள் ரீப்பரைக் கண்டதில்லை. ஆனால் அந்தக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்துகிறது.

இந்தச் செடி ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்பது அதன் பிறப்பிடம் தெரிந்தால் விளங்கும். நம் சம்பாவும் குண்டு மிளகாயும் கேப்சிகம் ஆன்னம் என்ற இனம். கன்னியாகுமரிப் பக்கத்துக் காந்தாரி, கேப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ். ஹபனேரோ, டிரினிடாட் ஸ்கார்ப்பியன், ரீப்பர் எல்லாம் கேப்சிகம் சைனென்ஸ் என்ற மூன்றாவது இனம். பூத் ஜொலோக்கியாவும் அடிப்படையில் இதுவே. மரபணுவைப் பார்த்தவர்கள் அதில் ஃப்ரூட்டசென்ஸ் கலப்பும் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். சைனென்ஸ் என்ற பெயருக்கும் சீனாவுக்கும் தொடர்பே இல்லை. 1776இல் இதற்குப் பெயர் வைத்த ஜாக்குவின் என்ற தாவரவியலாளர் இது சீனாவிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணிவிட்டார். உண்மையில் இது அமேசான் படுகையைச் சேர்ந்தது: ஈரக்காற்று, மரநிழல், மிதமான இரவு. இந்தியாவிலும் இது வேர் பிடித்த இடம் அஸ்ஸாம், நாகாலாந்து, மணிப்பூர். அங்கேயும் மழை, மலைச்சரிவு, ஈரம். அஸ்ஸாமின் தேஸ்பூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தார் பூத் ஜொலோக்கியாவைக் குவாலியரின் வறண்ட வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தபோது காரம் பாதிக்கும் கீழே குறைந்துபோனது. ஊர் மாறினால் காய்ப்பு மட்டுமல்ல, காரமும் மாறும்.

காரத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன், என்ன பொருளைக் கையாளப் போகிறோம் என்று தெரிய வேண்டும். 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர், மிளகாய்ச் சாற்றை எத்தனை மடங்கு சர்க்கரைத் தண்ணீரில் கரைத்தால் காரம் நாக்குக்குத் தெரியாமல் போகும் என்று அளந்தார். இப்போது கருவியில் அளக்கிறார்கள், ஸ்கோவில் என்ற அலகின் பெயர் மட்டும் அவருடையது. ஹலப்பேனோ 2,500 முதல் 8,000 வரை. காந்தாரி 50,000இலிருந்து 1 லட்சம். பூத் ஜொலோக்கியா 10 லட்சத்தைத் தாண்டி 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸில் ஏறியது. தென் கரோலினாவில் எட் கரி உருவாக்கிய ரீப்பர் 2013இல் அந்த இடத்தைப் பிடித்தது, சராசரி 15,69,300. 2017இல் மறுபடி அளந்தபோது 16,41,183. 2023இல் அவருடைய பெப்பர் எக்ஸ் 26,93,000. பெப்பர் எக்ஸ் விதையை அவர் யாருக்கும் விற்கவில்லை, ஆகவே அந்தப் பெயரில் விற்கும் பொட்டலத்தை நம்பாதீர்கள். நீல மிளகாய், வானவில் மிளகாய் என்று படம் போட்டு விற்பவையும் அப்படியே. விதையை, இதே செடியை வளர்த்துப் பழம் எடுத்தவரிடம் வாங்குவதே நல்லது.

இனி விதை.

நம்மூர் மிளகாய் விதை ஏழெட்டு நாளில் முளைத்துவிடும், அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் பன்னிரண்டாம் நாள் மண்ணைக் கொட்டினீர்கள். சைனென்ஸ் விதை 10 நாளிலும் வரும், 30 நாளிலும் வரும். ஒரே பழத்தில் எடுத்த பத்து விதையில் முதலாவதற்கும் கடைசிக்கும் மூன்று வாரம் இடைவெளி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் முதல் ரீப்பர் முளைத்தது 26ஆம் நாள். அந்தக் குழித்தட்டை நான் தொடாமல் விட்டதற்கு ஒரே காரணம், அதே தட்டில் மறுபாதியில் கத்தரி நாற்று இருந்தது. ஆகவே 40 நாள் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முளைப்புக்கு வேண்டியது 27 முதல் 32 டிகிரி வரையான மண் சூடு. ஆடி மாதம் நம் வீட்டு நிழலில் இது தானாகவே கிடைக்கிறது. மேலைநாட்டவர் காசு கொடுத்து வாங்கும் சூடு நமக்கு இலவசம். சூடேற்றும் விரிப்பு வாங்காதீர்கள். ஆனால் கறுப்புக் குழித்தட்டை மொட்டைமாடி வெயிலில் நேராக வைத்துவிடவும் வேண்டாம். அந்தச் சிறு குழியின் மண் நண்பகலில் கை வைக்க முடியாத அளவு சுடும், விதை உள்ளேயே வெந்துவிடும். மாடிப்படி வளைவு, ஜன்னல் திட்டு, பால்கனி நிழல் எதுவானாலும் சரி. குளிர்சாதன அறை மட்டும் கூடாது.

விதையை முந்தின இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, காலையில் சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளில் லேசாகப் புரட்டி எடுங்கள். உர நிலையங்களில் கிடைக்கும், விலை சொற்பம். இது முளைப்பைக் கூட்டுவதற்காக அல்ல, முளைத்த பிறகு வரும் நாற்றழுகலைத் தடுப்பதற்காக. விதைக்கும் ஊடகம் கழுவிய தென்னைநார்த் தூள் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னைநார்த் தூளைக் கழுவுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கட்டியாக விற்பதில் உப்பு அதிகம் இருக்கும், ஊற வைத்துப் பிழிந்து தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். விதைத்த பிறகு மண் பிழிந்தெடுத்த துணி போல இருக்க வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது.

விதை ஆறுதான் இருக்கிறது என்பதால் உங்களுக்கு இன்னொரு முறை ஏற்றது. மெல்லிய காகிதக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, விதைகளை ஒன்றோடொன்று படாமல் வைத்து மடித்து, அழுத்தி மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உள்ளே கொஞ்சம் காற்று நிற்குமாறு மூடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் மேலே, பின்பக்க ஓரத்தில் வையுங்கள். அங்கே இரவும் பகலும் மிதமான சூடு இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். விதையின் கூர்ப்பக்கத்தில் வெள்ளை முனை அரிசிக் குருணை அளவு வந்தவுடன் எடுத்து நட்டுவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் வேர் காகித இழைக்குள் ஓடிவிடும். பிரிக்கும்போது முனை ஒடிந்தால் அந்த விதை போனது போனதுதான். ஒட்டிக்கொண்டால் காகிதத்தோடே கிழித்து நடுங்கள். ஒரு விதையில் பூசணம் படர்ந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றுக்குப் புதுக் காகிதம் மாற்றுங்கள்.

முளை மண்ணுக்கு மேலே வரும்போது சிலவற்றில் விதைத் தோல் தொப்பி போல வித்திலைகளைக் கவ்விக்கொண்டு நிற்கும். பிய்த்து எடுக்கத் தோன்றும். பொறுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் வைத்து அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஒரு சொட்டு வையுங்கள். மாலைக்குள் தோல் ஊறித் தளரும், விரல் நுனியால் தொட்டாலே கழன்றுவிடும். காய்ந்த தோலை இழுத்தீர்களானால் தலையே வந்துவிடும்.

நாற்று நிலையில் செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான், அதாவது தண்ணீர். மேல்மண் வெளுத்த பிறகே ஊற்ற வேண்டும், அதுவும் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுவது உத்தமம். காலை இரண்டு மணி நேர இளவெயில், மற்ற நேரம் வெளிச்சமான நிழல். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நூலாக நீளும். வித்திலைக்குப் பிறகு வரும் உண்மையான இலை நான்கு முதல் ஆறு வந்ததும் அடியில் துளையிட்ட காகிதக் கோப்பைக்கு, அங்கிருந்து ஒரு மாதம் கழித்துப் பெரிய பைக்கு. சின்ன நாற்றை நேராகப் பெரிய பையில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளித்துப்போகும்.

பெரிய பை என்றால் 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். மண் கலவை, செம்மண் இரண்டு பங்கு, தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ ஒன்றரைப் பங்கு, வேப்பம்புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. கலந்து லேசாக ஈரப்படுத்தி இரண்டு வாரம் ஆறப் போட்ட பிறகே நட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது எழும் சூடு இளவேருக்கு ஆகாது.

உரத்தைப் பற்றி என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. மாடித் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் அதிகமாகவே கொடுக்கிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் இந்தச் செடி நான்கடி உயரம் கரும்பச்சையாக எழும்பி, அழகு காட்டிக்கொண்டு, பூக்காமல் நிற்கும். இலைப்பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. மொட்டு தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டுத் தேமோர்க் கரைசல், 10 லிட்டருக்கு அரை லிட்டர். புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கரைசல் நம் இயற்கை விவசாயிகள் பூ நிற்பதற்கென்றே வைத்திருப்பது. நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இலை தெரிந்தால் மக்னீசியம் குறைவு, எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளியுங்கள். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மதியம் இலை தொங்கினால் பதறித் தண்ணீர் ஊற்றக் கூடாது. அகன்ற இலைச் செடி வெயிலில் தன்னைச் சுருக்கிக்கொள்வது இயல்பு. மாலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் வேரில் ஈரம் இருக்கிறது. அப்போதும் தொங்கினால் விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். உடனே பையின் துளைகளைக் குத்தித் திறந்து, நிழலுக்கு மாற்றுங்கள்.

ஆடியில் விதைத்தவருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் சோதனை. வடகிழக்குப் பருவமழை சென்னையில் பெய்யும் பெய்யில் ஒரே இரவில் பை சேறாகிவிடும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், மண்ணில் மழைத்துளி அடிக்காமல் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்புங்கள். நான்கு குழாயை நட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சரிவாகக் கட்டினால் இன்னும் நல்லது. பக்கங்களை மூடாதீர்கள், காற்று வேண்டும். என் ஐந்தாம் வருடத்தில் நிவர் புயல் வருகிறது என்று பைகளையெல்லாம் படிக்கட்டு அறைக்குள் இறக்கினேன். புயல் போன பிறகும் சோம்பலில் நான்கு நாள் அங்கேயே விட்டுவிட்டேன். இருட்டில் பாதி இலை உதிர்ந்து, பூக்க ஒரு மாதம் தள்ளிப்போனது. மழை விட்டால் அன்றே வெளியே எடுங்கள்.

மார்கழி பிறக்கும்போது மொட்டு வரும். முதல் பூ திறந்த காலையில் அருகே குனிந்து பாருங்கள். வாங்கிய விதை உண்மையா என்பதைச் செடியே சொல்லும் நேரம் அது. சம்பா மிளகாயில் ஒரு கணுவுக்கு ஒரு பூ, பால் வெள்ளை. சைனென்ஸில் ஒரே கணுவிலிருந்து இரண்டு முதல் ஐந்து பூ வரை தலைகுனிந்து தொங்கும். இதழ் தூய வெள்ளையாக இல்லாமல் பச்சை ஓடியிருக்கும், மகரந்தப் பை ஊதா. பூவைத் திருப்பிக் காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். நூலால் இறுக்கிக் கட்டியது போல ஒரு வளையச் சுருக்கம் இருக்கும். பிஞ்சு வளர வளர அது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த வளையம் இல்லை என்றால் நீங்கள் வளர்த்தது பெரும்பாலும் வேறு ஏதோ மிளகாய். இலையும் காட்டிக்கொடுக்கும், சைனென்ஸின் இலை அகலமாக, வெளிர்பச்சையாக, சுருக்கம் விழுந்து இருக்கும். புதியவர்கள் இந்தச் சுருக்கத்தையே நோய் என்று நினைத்து மருந்து அடித்துவிடுகிறார்கள்.

பூ தன்னைத் தானே சூல்கொள்ளும், வண்டு வராவிட்டாலும் கவலை இல்லை. காலை ஒன்பது, பத்து மணிக்குத் தண்டை விரலால் நாலு தட்டு தட்டினால் போதும். முதல் பத்திருபது பூ உதிர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். செடி தன் பலத்தை அளந்துகொண்டிருக்கிறது, பிறகு ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு பிஞ்சு நிற்கும். பிஞ்சு பிடித்ததிலிருந்து முழுதும் சிவக்க ஏறத்தாழ 50 நாள், சில சமயம் 60. மாசியில் முதல் பறிப்பு. பங்குனி முழுக்க பறிக்கலாம்.

பூச்சிக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் விட இலைச்சுருட்டலில்தான் செடிகள் போகின்றன. மருந்து எடுக்கும் முன் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, கொழுந்து எலிவால் போலக் குறுகினால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இது கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி, வாரம் ஒருமுறை மாலையில் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில துளி சேர்த்து. சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்கக் கூடாது, கடும் வெயில் நாளிலும் கூடாது, இலை கருகிவிடும். இரண்டையும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் நனைப்பது வீண் வேலை. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நச்சுயிரி வந்து செடி குட்டையாகி மஞ்சளோடிவிட்டால் மருந்து கிடையாது. அந்தச் செடியை மட்டும் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், இல்லையேல் மாடி முழுக்கப் போகும்.

பறிக்கும் நாளிலிருந்து ஒழுங்கு வேண்டும், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்தப் பழத்தை அறுக்காதீர்கள். சாதாரண மிளகாயில் காரம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். கடுங்கார வகைகளில் பழத்தின் சுவருக்குள்ளேயும் காரப் பைகள் இருக்கின்றன, ஆகவே வெள்ளையை நீக்கினாலும் காரம் போகாது. காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் தண்ணீரில் கரையாது. கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயில் எரிந்தால் தண்ணீர் குடிப்பது எரிச்சலைப் பரப்பும், பாலோ தயிரோ குடியுங்கள். காயவைத்ததை மிக்சியில் அரைப்பதானால் வெளியே வைத்து, முகக்கவசம் போட்டு, அரைத்த பின் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுங்கள். மூடிய சமையலறையில் எண்ணெயில் தாளிக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் அந்த வேலையே வேண்டாம். முழுப் பழத்தைக் கடித்துக் காட்டும் போட்டிகளைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அப்படி ஒரு போட்டியில் ரீப்பர் தின்ற அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு மூளை இரத்தக்குழாய்கள் சுருங்கி, இடி விழுந்தது போன்ற தலைவலி வந்ததை 2018இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் குணமானார். ஆனாலும் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இந்தச் செடியை வைக்காதீர்கள்.

பிறகு எதற்கு வளர்ப்பது என்று கேட்பவர்களுக்கு: மணத்துக்காக. பழுத்த பூத் ஜொலோக்கியாவைக் காம்பு ஒடித்து முகர்ந்து பாருங்கள். சம்பா மிளகாயில் இல்லாத ஒரு பழ வாசம், பழுத்த கொய்யாவும் நாரத்தைத் தோலும் கலந்தது போல எழும். நாகா வீடுகளில் ஒரு பழத்தை அடுப்புக்கு மேலே புகையில் காயவைத்து, சட்னியில் சிறு துண்டு சேர்ப்பார்கள், காரத்துக்கு இணையாக அந்த வாசத்தையும் விரும்பி. நான் செய்வது எளியது. 200 மில்லி நல்லெண்ணெயை மிதமாகச் சூடாக்கி அடுப்பை அணைத்து, நன்கு காய்ந்த ஒரு பழத்தை இரண்டாகக் கிள்ளிப் போட்டு ஆற விட்டு, வடிகட்டி வைத்துக்கொள்வேன். காயாத பழமோ ஈரமோ இதில் படக் கூடாது. இட்லிப் பொடிக்கு வழக்கமான எண்ணெயோடு அதில் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு செடியே மிகுதி. ஆறு விதையும் முளைத்தால் இரண்டை வைத்துக்கொண்டு நான்கைக் கொடுத்துவிடுங்கள்.

விதை எடுக்க நினைத்தால், திறக்காத மொட்டு உள்ள கிளைக்கு நகைக்கடையில் தரும் மெல்லிய வலைப்பையைக் கட்டிவிடுங்கள். பக்கத்துச் சம்பாவின் மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறை வேறாகும். பிஞ்சு நின்றதும் பையை எடுத்து அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். முழுதும் சிவந்து லேசாகத் தொய்ந்த பழத்தின் விதையை நிழலில் இரண்டு வாரம் காயவைத்து, காற்றுப் புகாத சிமிழில் வைத்தால் இரண்டு மூன்று வருடம் முளைக்கும்.

இனி உங்கள் மாடியில் நிற்கும் அந்தச் செடி. நம் ஊரில் உறைபனி இல்லை, ஆகவே மிளகாய் நமக்கு ஒரு போகத்துச் செடி அல்ல, மூன்று நான்கு வருடம் இருக்கக்கூடியது. மேலைநாட்டவர் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றப் படாத பாடு படுவதை நம் வெயில் மறைவிலேயே செய்துகொள்ளலாம். இந்த வாரமே 50 சதவீதப் பச்சை நிழல்வலைக்குக் கீழே நகர்த்துங்கள். மீதிப் பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். மேகமூட்டமான ஒரு மாலை பார்த்து, சுத்தமான கத்தரியால், முதன்மைத் தண்டு கவையாகப் பிரியும் இடத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு எல்லாக் கிளையையும் வெட்டுங்கள். வெட்டுவாயில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுங்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, புது மண்புழு உரம் போட்டு மூடுங்கள். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், இலை இல்லாத செடிக்குக் குடிக்க வழி இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் மொட்டைக் குச்சியாக நிற்கும். பிறகு கணுக்களில் கடுகளவு பச்சைப் புள்ளிகள் தெரியும். ஆடி விதை நாற்றாகும்போது இது புதுக் கிளை விட்டுப் புதராகியிருக்கும். வேர் பழையது என்பதால் ரீப்பர் பூப்பதற்குச் சற்று முன்னதாகவே, கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் மொட்டு வைக்கும். அப்போது அதை நிழல்வலையிலிருந்து வெயிலுக்கு நகர்த்துங்கள்.